பர்மா தேக்கு ‘ஹேஸ் கம்’மா, ‘கேம்’மா? ஹேவ் போடும் இடமும் போடக்கூடாத இடமும்

முகப்புத்திண்ணை:

எல்லாருக்கும் வணக்கம். காரைக்குடிப் பக்கம் பழைய வளவு வீடு ஒன்று, இப்போது விருந்தாளிகள் தங்கும் வீடு. வெளிநாட்டுக்காரர்களும் வருகிறார்கள். சுற்றிக் காட்டும் பையன்கள் பேசுவதற்கு இங்கிலீஷில் ஒரு பக்கம் எழுதித் தர வேண்டும். முதல் படி இது:

1. திஸ் ஹவுஸ் இஸ் பில்ட் பிஃபோர் ஹண்ட்ரட் இயர்ஸ்.
2. த ஃபேமிலி இஸ் லிவிங் ஹியர் ஸின்ஸ் ஃபோர் ஜெனரேஷன்ஸ்.
3. த டீக் ஹேஸ் கம் ஃப்ரம் பர்மா.
4. வி ஹேவ் ரிப்பேர்ட் த ரூஃப் இன் 2019.
5. த ஓனர் ஹேஸ் கான் டு சிங்கப்பூர் மெனி டைம்ஸ்.
6. டிட் யூ ஈட் செட்டிநாடு ஃபுட் பிஃபோர்?
7. திஸ் இஸ் த ஃபர்ஸ்ட் டைம் யூ ஆர் கமிங் டு காரைக்குடி?
8. லஞ்ச் ஹேஸ் பீன் ரெடி.

தமிழில் சொல்லிப் பார்த்தால் ஒன்றும் உறுத்தவில்லை. தேக்கு பர்மாவிலிருந்து ‘வந்திருக்கிறது’. அப்படியானால் ‘ஹேஸ் கம்’ சரிதானே?

செம்பிராங்கல்:

எட்டிலும் கை வைக்க வேண்டும். ஆனால் எட்டுக்கும் சேர்த்து வியாதி இரண்டு மூன்றுதான்.

அமைப்பு தெரிந்ததே. ஐ, வி, யூ, தே வந்தால் ஹேவ். ஹி, ஷி, இட் வந்தால் ஹேஸ். பின்னால் வினையின் மூன்றாம் வடிவம். தடுக்குவது இதில் இல்லை. ‘இருக்கிறது’ காதில் விழுந்ததும் கை தானாக ‘ஹேஸ்’ எழுதுகிறது பாருங்கள், அதில்தான்.

எழுதியதும் வாக்கியத்தைப் பார்த்து ‘எப்போ?’ என்று கேளுங்கள். முடிந்துபோன ஒரு காலம் பதிலாக வாக்கியத்துக்குள்ளேயே உட்கார்ந்திருந்தால் ஹேவ் அங்கே நிற்காது. யெஸ்டர்டே, லாஸ்ட் வீக், இன் 2019, டென் இயர்ஸ் அகோ எல்லாம் அந்த வகை. ஆகவே நான்காவது ‘வி ரிப்பேர்ட் த ரூஃப் இன் 2019’. வருஷம் வேண்டாம் என்றால் ‘வி ஹேவ் ரிப்பேர்ட் த ரூஃப்’ அழகாக நிற்கும். இனி ஒழுகாது, நிம்மதியாகப் படுக்கலாம் என்று பொருள். தனித்தனியாக இரண்டும் சரி. ஒன்றாக அடைத்தால்தான் தப்பு.

முதல் வாக்கியம் ‘திஸ் ஹவுஸ் வாஸ் பில்ட் எ ஹண்ட்ரட் இயர்ஸ் அகோ’. ‘பிஃபோர் ஹண்ட்ரட் இயர்ஸ்’ என்பது ‘நூறு வருஷத்துக்கு முன்னால்’ என்பதைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தது. இன்றிலிருந்து பின்னோக்கி எண்ணினால் அகோ. வேறொரு நிகழ்ச்சிக்கு முன்னால் என்றால்தான் பிஃபோர்: ‘பிஃபோர் த வார்’.

மூன்றாவதில் காலச் சொல்லே இல்லை, இருந்தும் ‘ஹேஸ் கம்’ தப்பு. வீடு கட்டிய காலத்தோடு அந்த வரவு முடிந்துவிட்டது. கேட்கிறவர் முதல் வாக்கியத்தைக் கேட்டுவிட்டுத்தான் இதற்கு வருகிறார். அவர் மனசில் காலம் ஏற்கெனவே நட்டு வைத்தாகிவிட்டது. ‘த டீக் கேம் ஃப்ரம் பர்மா.’ இதே ‘த டீக் ஹேஸ் கம்’ எப்போது சரி என்றால், வாசலில் லாரி வந்து நிற்கிறது, தச்சர் உள்ளே இருக்கிறார், அவருக்குக் குரல் கொடுக்கிறீர்கள். மரம் வந்தாச்சு, வந்து இறக்குங்கள்.

இரண்டாவதில் தமிழ் ஏமாற்றுகிறது. ‘நாலு தலைமுறையாக இருக்கிறார்கள்’ என்று நமக்கு நிகழ்காலமே போதும். இங்கிலீஷுக்கு அன்று தொடங்கியதையும் இன்று தொடர்வதையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும். அதைப் பிடிக்கும் கை ஹேஸ்தான். ‘த ஃபேமிலி ஹேஸ் லிவ்ட் ஹியர் ஃபார் ஃபோர் ஜெனரேஷன்ஸ்.’

எட்டாவது வெறும் ‘லஞ்ச் இஸ் ரெடி’. ‘லஞ்ச் ஹேஸ் பீன் ரெடி ஃபார் ஆன் ஹவர்’ என்றும் ஒரு வாக்கியம் உண்டு. ஒரு மணி நேரமாக இலை போட்டுக் காத்திருக்கிறோம், எங்கே போனீர்கள் என்று கடிந்துகொள்வதற்கு. விருந்தாளியிடம் வேண்டாம்.

கண்டாங்கிக்கரை:

செம்பிராங்கல் ஐயா சொன்ன லாரி உதாரணம் நல்லா இருக்கு. அதோடு ஒன்று சேர்க்கிறேன். புதுச் செய்தியாக ஒன்றை அவிழ்க்கும்போது ஹேவ். அவிழ்த்தபின் விவரம் சொல்லும்போது இறந்தகாலம். பேப்பர்க்காரர்கள் எழுதுவதைக் கவனியுங்கள். ‘காரைக்குடி ஹேஸ் பிகம் எ கார்ப்பரேஷன்’ என்று முதல் வரி. அடுத்த வரியே ‘த கவர்ன்மென்ட் அப்கிரேடட் இட் இன் 2024’. முதல் வரி இப்போதைய நிலைமை, இரண்டாவது அது நடந்த நாள்.

கண்டாங்கிச் சேலைக்குக் கிடைத்த ஜிஐ டேக், அதாவது புவிசார் குறியீடு, அதுவும் அப்படித்தான். ‘த சாரி ஹேஸ் ரிஸீவ்ட் எ ஜிஐ டேக்’ சரி. ‘த சாரி ரிஸீவ்ட் எ ஜிஐ டேக் இன் 2019’ சரி. ‘ஹேஸ் ரிஸீவ்ட் இன் 2019’ என்று பலகையில் எழுதி மாட்டினால் வாசிக்கிறவர் பல்லில் கல் கடிபடும்.

அதனால் பையன்களுக்கு ஒரு சுலப வழி. பேச்சைத் தொடங்கும் வாக்கியத்தில் ஹேவ் வரலாம். ஊர், வருஷம், யார், எப்படி என்று உள்ளே இறங்கினதும் ஹேவை வாசலிலேயே விட்டுவிட வேண்டும்.

பட்டாலை:

முகப்புத்திண்ணை கேட்டதற்கு யாரும் நேரடியாகப் பதில் சொல்லவில்லை. ‘வந்திருக்கிறது’ என்றால் ஏன் எப்போதும் ‘ஹேஸ் கம்’ இல்லை? நம்முடைய ‘இருக்கிறது’ மூன்று வேலை பார்க்கிறது. இங்கிலீஷ் அந்த மூன்றையும் ஒரே ஆளிடம் கொடுப்பதில்லை.

முதல் வேலை, விளைவு இப்போது கண்முன் இருப்பது. ‘மாப்பிள்ளை வந்திருக்கிறார்’, அதாவது இப்போது வீட்டில் இருக்கிறார். இங்கே ‘ஹேஸ் கம்’ பொருந்தும்.

இரண்டாவது, அனுபவம். ‘ராமேஸ்வரம் போயிருக்கிறேன்.’ இதற்கும் ஹேவ்தான், ஆனால் நாள் சொல்லாதவரை மட்டும். தமிழில் ‘2010ல ஒரு தடவை போயிருக்கிறேன்’ என்று தாராளமாகச் சொல்கிறோம். இங்கிலீஷில் அந்த 2010 வந்ததும் ‘ஐ வென்ட் தேர் ஒன்ஸ் இன் 2010’ ஆகிவிடும்.

மூன்றாவதுதான் ஆபத்தானது. நேரில் பார்க்கவில்லை, தடயம் பார்த்து ஊகிக்கிறோம். காலையில் எழுந்து வந்தால் வளவு முற்றம் ஈரமாக இருக்கிறது, கூரை ஓட்டிலிருந்து சொட்டுகிறது. ‘ராத்திரி மழை பெய்திருக்கு’ என்கிறோம். அந்த ‘இருக்கு’ மழையைப் பற்றியதே இல்லை. நான் தூங்கிக்கொண்டிருந்தேன், ஈரத்தைப் பார்த்துச் சொல்கிறேன் என்ற ஒப்புதல் அது. ‘இட் ஹேஸ் ரெயின்ட் லாஸ்ட் நைட்’ என்று பெயர்த்தால் ஊகமும் போச்சு, இலக்கணமும் போச்சு. சரியான வாக்கியம் ‘இட் மஸ்ட் ஹேவ் ரெயின்ட் லாஸ்ட் நைட்’.

தேக்கு வாக்கியத்தில் உள்ள ‘வந்திருக்கிறது’ இந்த மூன்றாவது வகைதான். யாரும் கப்பலில் வந்ததைப் பார்த்துச் சொல்லவில்லை. கேட்டறிந்தது, தூணைப் பார்த்துத் தெரிந்துகொண்டது. பழைய விஷயத்தைச் சொல்லும்போது தமிழ் இயல்பாக இந்த ‘இருக்கிறது’க்கு மாறும்: ‘அந்தக் காலத்துல சுண்ணாம்புல முட்டை வெள்ளைக்கரு சேர்த்துப் பூசியிருக்காங்க.’ இங்கிலீஷில் வெறும் ‘தே யூஸ்ட்’. சுற்றிக் காட்டுகிறவர் பேச்சு முழுக்க இந்த வகையாகவே இருக்கும். எனவே பையன்களுக்கு முதலில் கற்றுத்தர வேண்டியது ஹேவை எங்கே போடுவது என்பது அல்ல, எங்கே விடுவது என்பதுதான்.

முகப்புத்திண்ணை:

பட்டாலை அண்ணே, இது விளங்கியது. ஆனால் ஒரு குழப்பம். ‘மஸ்ட் ஹேவ் ரெயின்ட் லாஸ்ட் நைட்’ என்பதில் ஹேவும் இருக்கிறது, லாஸ்ட் நைட்டும் இருக்கிறது. சேரக்கூடாது என்றார்களே?

பட்டாலை:

நல்ல இடத்தில் பிடித்தீர்கள். தனியாகக் காலம் காட்டும் ஹேவ், ஹேஸ் இரண்டுக்கும்தான் அந்தத் தடை. மஸ்ட், மே, மைட், குட், ஷுட் இவற்றுக்குப் பின்னால் வரும் வினை உருமாறாது. ‘மஸ்ட் ரெயின்ட்’ என்று எழுத வழியில்லை. கடந்ததைக் காட்ட வேறு கதியில்லாமல் ஹேவைக் கடன் வாங்குகிறார்கள். அங்கே அது வெறும் இறந்தகாலக் குறி. அதனால் யெஸ்டர்டே தாராளமாக வரும்: ‘ஹி மைட் ஹேவ் கம் யெஸ்டர்டே.’ கவனிக்க, ஆள் ஹி ஆனாலும் அங்கே ஹேஸ் வராது.

வெள்ளைப்பணியாரம்:

சாப்பாட்டு வாக்கியங்களை நான் எடுத்துக்கொள்கிறேன்.

ஆறாவது ‘ஹேவ் யூ எவர் ஈட்டன் செட்டிநாடு ஃபுட்?’ அல்லது ‘ஹேவ் யூ ஹேட் செட்டிநாடு ஃபுட் பிஃபோர்?’ வாழ்நாளில் எப்போதாவது என்று கேட்கிறோம், வாழ்நாள் இன்னும் ஓடுகிறது, அதனால் ஹேவ். ‘டிட் யூ ஈட்’ என்றால் ஏதோ ஒரு குறிப்பிட்ட வேளையைக் கேட்பது. நேற்று மதுரையில் இறங்கினீர்களே, அங்கே சாப்பிட்டீர்களா என்பது போல.

‘ஹேவ் யூ ஹேட்’ கேட்டால் பையன்கள் சிரிப்பார்கள், ஹேவ் இரண்டு தடவை வருகிறதே என்று. முதல் ஹேவ் காலம் காட்டுகிறது, ஹேட் என்பது சாப்பிட்டதைச் சொல்லும் வினை. ‘ஹேவ் யூ ஹேட் லஞ்ச்?’ என்று வாய் விட்டுப் பத்துத் தடவை சொன்னால் பழகிவிடும்.

ஏழாவது ‘இஸ் திஸ் யுவர் ஃபர்ஸ்ட் டைம் இன் காரைக்குடி?’ என்று கேட்பதே நல்லது. முழு வாக்கியமாக வேண்டும் என்றால் ‘இஸ் திஸ் த ஃபர்ஸ்ட் டைம் யூ ஹேவ் கம் ஹியர்?’ தமிழில் ‘முதல் தடவையா வர்றீங்களா’ என்று நிகழ்காலம் போடுகிறோம். இங்கிலீஷில் ‘ஃபர்ஸ்ட் டைம்’, ‘செகண்ட் டைம்’ முன்னால் ‘திஸ் இஸ்’ வந்தால் பின்னால் ஹேவ் என்று நெட்டுருப் போட்டுவிடுங்கள். நேற்று முடிந்த விஷயம் என்றால் ‘இட் வாஸ் த ஃபர்ஸ்ட் டைம்’, பின்னால் ஹேட்.

அடுத்து, யாரும் தொடாத ஒன்று. ‘வரவில்லை’ தமிழில் இரண்டு பொருள் தரும். ‘நேற்று வரவில்லை’ என்றால் ‘டிட் நாட் கம்’. ‘இன்னும் வரவில்லை’ என்றால் ‘ஹேஸ் நாட் கம் யெட்’. ‘டிரைவர் வரலை’ என்பதை ‘த டிரைவர் டிட் நாட் கம்’ என்று சொன்னால் விருந்தாளி இனி வரமாட்டார் என்று நினைத்துக்கொண்டு வேறு டாக்ஸி பிடிக்கப் போய்விடுவார். ‘ஹேஸ்ன்ட் கம் யெட்’ என்றால் உட்கார்ந்து காத்திருப்பார். ஒரு சொல்லில் ஒரு சவாரி போய்விடும்.

முகப்புத்திண்ணை:

ஆச்சி, அப்படியே ‘சாப்பிட்டாச்சு’, ‘அனுப்பிவிட்டேன்’ இவற்றையும் சொல்லிவிடுங்கள். ‘இருக்கு’ இல்லாமலேயே ஹேவ் வருமா?

வெள்ளைப்பணியாரம்:

வரும். சொல்லப்போனால் ‘ஆச்சு’வும் ‘விட்டேன்’னும்தான் பல இடங்களில் ஹேவுக்கு ரொம்ப நெருக்கம். ‘சாப்பிட்டாச்சா?’ என்றால் ‘ஹேவ் யூ ஈட்டன்?’ ‘சாவி கொடுத்துட்டேன்’ என்றால் ‘ஐ ஹேவ் கிவன் த கீ’. இப்போதே நடந்தது என்றால் ஜஸ்ட், எதிர்பார்த்ததற்கு முன்பே முடிந்தது என்றால் ஆல்ரெடி; இரண்டும் ஹேவுக்கும் வினைக்கும் நடுவில் உட்காரும்: ‘ஐ ஹேவ் ஜஸ்ட் கிவன்’, ‘ஐ ஹேவ் ஆல்ரெடி கிவன்’. யெட் கேள்வியிலும் மறுப்பிலும், கடைசியில்.

மாட்டிக்கொள்வது ‘நேற்றே’யில். ‘நேற்றே அனுப்பிவிட்டேன்’ என்பதில் ‘விட்டேன்’ ஹேவை இழுக்கிறது, ‘நேற்றே’ வெளியே தள்ளுகிறது. காலச் சொல்தான் ஜெயிக்கும். ‘ஐ சென்ட் இட் யெஸ்டர்டே.’

அமெரிக்க விருந்தாளி ‘டிட் யூ ஈட் யெட்?’ என்று கேட்டால் திருத்தப் போக வேண்டாம். ஜஸ்ட், ஆல்ரெடி, யெட் இவற்றோடு வெறும் இறந்தகாலம் போடுவது அங்கே சாதாரணம். பிரிட்டிஷ் வழக்கில் ஹேவ். பரீட்சை எழுதுகிறவர் ஹேவ் போட்டால் இரு பக்கமும் தப்பில்லை.

கொட்டான்:

இரண்டாவது வாக்கியத்தில் ஸின்ஸ், ஃபார் தகராறு ஒன்று இருக்கிறது. செம்பிராங்கல் மாற்றிக் கொடுத்தார், ஆனால் ஏன் என்று சொல்லவில்லை.

தமிழில் ‘ஆக’ ஒட்டினால் ஃபார்: நாலு தலைமுறையாக, பத்து வருஷமாக, ரெண்டு மணி நேரமாக. ‘இலிருந்து’ ஒட்டினால் ஸின்ஸ்: 2014இலிருந்து, தையிலிருந்து, காலையிலிருந்து. நீளத்தை அளந்தால் ஃபார், தொடங்கிய புள்ளியைத் தொட்டால் ஸின்ஸ். ஒரே ஒரு இடத்தில் கவனம் வேண்டும். ‘நேத்துலேருந்து’ என்போம், சரி. ‘ரெண்டு நாளிலிருந்து’ என்றும் சிலர் சொல்வோம். அது நீளம்தான், ‘ஃபார் டூ டேஸ்’.

இந்தப் பக்கத்துத் தகவல்களை வைத்தே பழகலாம். செட்டிநாட்டு ஊர்கள் 2014இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் சேர்ந்தன. ‘செட்டிநாடு ஹேஸ் பீன் ஆன் யுனெஸ்கோஸ் டென்டேட்டிவ் லிஸ்ட் ஸின்ஸ் 2014.’ இன்னும் அதே பட்டியலில்தான், அதனால் ஹேஸ் பீன். ‘இட் ஜாயின்ட் த லிஸ்ட் இன் 2014.’ சேர்ந்தது ஒரு நாள் வேலை, அதனால் வெறும் இறந்தகாலம். 2014 இரண்டிலும் இருக்கிறது. முதல் வாக்கியத்தில் அது ஸின்ஸைப் பிடித்துக்கொண்டு இன்றுவரை நீள்கிறது. எனவே ‘வருஷம் வந்தால் ஹேவ் கூடாது’ என்று மொட்டையாகச் சொல்லித்தராதீர்கள். ‘இன்’ போட்ட வருஷம் கூடாது, ‘ஸின்ஸ்’ போட்ட வருஷத்துக்கு ஹேவ் இல்லாமல் முடியாது.

அடுத்தது ‘பீன்’ போட்டு ‘இங்’ வைப்பது. ஆத்தங்குடிக் கல் பட்டறைக்கு விருந்தாளியைக் கூட்டிப் போனால் வசதியாகக் காட்டலாம். கண்ணாடி மேல் அச்சை வைத்து வண்ணக் கலவையை ஒவ்வொரு கட்டமாக ஊற்றுவார்கள். அச்சைத் தூக்கியதும் மேலே உலர்ந்த மணலும் சிமென்ட்டும் தூவி, அதன்மேல் ஈரக் கலவையை அடைத்து மட்டம் செய்வார்கள். பிறகு தண்ணீர்த் தொட்டியில் ஊறவைப்பார்கள். அங்கே நின்று சொல்லுங்கள்:

‘ஹி ஹேஸ் போர்ட் த கலர்.’ ஊற்றி முடிந்தது, இன்னும் ஈரம், விரல் வைக்காதே.

‘ஹி ஹேஸ் பீன் மேக்கிங் டைல்ஸ் ஸின்ஸ் எய்ட்.’ எட்டு மணியிலிருந்து இதே வேலை, கையெல்லாம் சிமென்ட். வேலையின் ஓட்டம்தான் முக்கியம், எத்தனை முடிந்தது என்பது இல்லை.

‘ஹி ஹேஸ் மேட் ஃபார்ட்டி டைல்ஸ் ஸோ ஃபார்.’ எண்ணிக்கை வந்தது, ‘பீன் இங்’ போய்விட்டது. ‘ஹேஸ் பீன் மேக்கிங் ஃபார்ட்டி டைல்ஸ்’ என்றால் நாற்பது கல்லையும் சேர்த்து ஒரே நேரத்தில் இழுத்துக்கொண்டிருக்கிறார் என்பது போல் ஆகும்.

நோ, ஹேவ், ஓன், லைக் போன்ற நிலை வினைகளுக்கு இங் வேண்டாம். ‘ஐ ஆம் நோயிங் ஹிம் ஸின்ஸ் டென் இயர்ஸ்’ என்பதில் மூன்று தப்பு. ‘ஐ ஹேவ் நோன் ஹிம் ஃபார் டென் இயர்ஸ்.’

செம்பிராங்கல்:

ஐந்தாவது விடுபட்டுப் போச்சு. ‘ஹேஸ் கான் டு சிங்கப்பூர்’ என்றால் ஆள் இப்போது அங்கே இருக்கிறார், அல்லது போகும் வழியில். ஓனர் எதிரே நின்று கை குலுக்கிக்கொண்டிருக்கும்போது ‘ஹேஸ் கான்’ என்றால் விருந்தாளி திரும்பிப் பார்ப்பார். போய்விட்டுத் திரும்பி வந்தவருக்கு ‘ஹேஸ் பீன் டு’. ‘போயிருக்கிறார்’ நமக்கு இரண்டுக்கும் பொது. ‘சார் எங்கே?’ ‘பேங்குக்குப் போயிருக்கார்’: ஹேஸ் கான். ‘சார் சிங்கப்பூர் பார்த்தவரா?’ ‘பல தடவை போயிருக்கார்’: ஹேஸ் பீன். ‘மெனி டைம்ஸ்’ போன்ற எண்ணிக்கை வந்தால் பெரும்பாலும் பீன் பக்கம்தான், ஏனென்றால் திரும்பி வராமல் இரண்டாம் தடவை போக முடியாது.

கண்டாங்கிக்கரை:

ஒரு எதிர்க்கேள்வி. ‘ஐ ஹேவ் சீன் இட் யெஸ்டர்டே’ நம் நாட்டில் லட்சம் பேர் பேசுகிறார்கள், எல்லாருக்கும் விளங்குகிறது. இந்திய இங்கிலீஷ் என்று ஏற்றுக்கொண்டால் என்ன கெட்டது? ஜெர்மன் மொழியில் இதே அமைப்போடு ‘நேற்று’ என்பதற்கான சொல்லைப் போட்டுத்தானே பேசுகிறார்கள். அப்படியானால் இது புத்திக்கு ஒவ்வாத விஷயம் இல்லை, இங்கிலீஷின் பிடிவாதம்.

பட்டாலை:

பிடிவாதம்தான், மறுக்கவில்லை. பேச்சில் யாரும் கழுத்தைப் பிடிக்க மாட்டார்கள். ஆனால் பேங்க் பரீட்சையில் பிழை கண்டுபிடிக்கும் பகுதியில் இதே வாக்கியத்தைத்தான் வைப்பார்கள், அங்கே பிடிவாதத்துக்குத்தான் மார்க். வேலைக்கு அனுப்பும் விண்ணப்பத்திலும் அப்படியே. ‘ஐ ஹேவ் கம்ப்ளீட்டட் மை டிகிரி இன் 2019’, ‘ஐ ஆம் வொர்க்கிங் ஹியர் ஸின்ஸ் த்ரீ இயர்ஸ்’ இரண்டும் இல்லாத விண்ணப்பம் அபூர்வம். முன்னதில் ‘கம்ப்ளீட்டட்’, பின்னதில் ‘ஹேவ் வொர்க்ட் ஹியர் ஃபார் த்ரீ இயர்ஸ்’. பழைய வேலையைச் சொல்லும்போது ‘ஐ வொர்க்ட் தேர் ஃபார் த்ரீ இயர்ஸ்’. ஃபார் இருந்தாலும் ஹேவ் இல்லை, அந்த வேலை முடிந்துவிட்டதே. ஹேவை விட்டால் வேலையை விட்டதாகப் பொருள். நேர்காணலில் இந்த ஒரு சொல்லை வைத்தே இப்போது வேலையில் இருக்கிறாரா இல்லையா என்று முடிவு கட்டுவார்கள்.

ஆபீஸ் கடிதத்தில் ஒரு நுட்பம். ‘வி ஹேவ் ரிஸீவ்ட் யுவர் லெட்டர் டேட்டட் ஃபிஃப்த் ஜூன்.’ தேதி இருக்கிறதே என்று இதை அடித்துவிடாதீர்கள், இது சரி. அந்தத் தேதி கடிதத்துக்கு உரியது, கிடைத்ததற்கு உரியது இல்லை. ‘வி ஹேவ் ரிஸீவ்ட் யுவர் லெட்டர் ஆன் ஃபிஃப்த் ஜூன்’ என்பதுதான் தப்பு.

கொட்டான்:

வினை வடிவத்தில் வழுக்குவதையும் போட்டுவிடுகிறேன், இதில் விளக்கம் தேவையில்லை, மனப்பாடம்தான். ‘ஹேஸ் கேம்’ இல்லை, ‘ஹேஸ் கம்’. ‘ஹேவ் வென்ட்’ இல்லை, ‘ஹேவ் கான்’. ‘ஹேவ் ஏட்’ இல்லை, ஈட்டன். ‘ஹேவ் ரோட்’ இல்லை, ரிட்டன். கட், புட், ஷட் மூன்றும் எங்கேயும் மாறாது. ரீட் எழுத்தில் மாறாது, வாயில் ரெட் ஆகும்.

நம் பக்கம் அதிகம் கேட்பது ‘ஐ ஹேவ் பீன் கம்ப்ளீட்டட்’. ஹேவோடு பீனைச் சேர்த்துச் சொன்னால் மரியாதையாக இருக்கிறது என்று நினைக்கிறார்களோ என்னவோ. பீன் சேர்ந்து மூன்றாம் வடிவம் வந்தால் செயப்பாட்டு வினை: ‘த ரூம் ஹேஸ் பீன் கிளீன்ட்’, அறை துடைக்கப்பட்டுவிட்டது. ‘ஐ ஹேவ் பீன் கிளீன்ட்’ என்றால் என்னைத் துடைத்துவிட்டார்கள். ரூம் பையன் விருந்தாளியிடம் இதைச் சொல்லக்கூடாது.

பேசும்போது ஹேவைச் சுருக்கி ‘ஐவ்’, ‘வீவ்’ என்பார்கள். கடைசியில் வரும் ‘வ்’ ஒலியைக் கேட்காமல் விட்டால் ‘ஐ ஈட்டன்’ என்று காதில் விழும், பிறகு அப்படியே பேச்சிலும் வரும். ‘ஹீஸ்’ என்பது இஸ்ஸா ஹேஸா என்று பின்னால் வருவதைப் பார்த்துத்தான் பிரிக்க வேண்டும்: ‘ஹீஸ் கோயிங்’ என்றால் இஸ், ‘ஹீஸ் பீன்’ என்றால் ஹேஸ்.

முகப்புத்திண்ணை:

எல்லாருக்கும் நன்றி. திருத்திய படி இது. ஊரைப் பற்றிக் கடைசியில் நாலு வாக்கியம் புதிதாகச் சேர்த்திருக்கிறேன். அதில் வரும் செக்ரி, இங்கே உள்ள மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம்.

திஸ் ஹவுஸ் வாஸ் பில்ட் எ ஹண்ட்ரட் இயர்ஸ் அகோ. த டீக் கேம் ஃப்ரம் பர்மா. த ஃபேமிலி ஹேஸ் லிவ்ட் ஹியர் ஃபார் ஃபோர் ஜெனரேஷன்ஸ். வி ரிப்பேர்ட் த ரூஃப் இன் 2019. த ஓனர் ஹேஸ் பீன் டு சிங்கப்பூர் மெனி டைம்ஸ். ஹேவ் யூ ஹேட் செட்டிநாடு ஃபுட் பிஃபோர்? இஸ் திஸ் யுவர் ஃபர்ஸ்ட் டைம் இன் காரைக்குடி? லஞ்ச் இஸ் ரெடி.

அழகப்பச் செட்டியார் ஹேஸ் ஃபவுண்டட் மெனி காலேஜஸ் ஹியர். ஹி ஹேஸ் கிவன் 300 ஏக்கர்ஸ் ஃபார் த செக்ரி இன்ஸ்டிட்யூட். இட் ஹேஸ் பீன் இன் காரைக்குடி ஸின்ஸ் 1953. ஹிஸ் கிஃப்ட் ஹேஸ் சேஞ்ட் த டவுன்.

செம்பிராங்கல்:

முதல் பத்தி சுத்தம். இரண்டாவதில் முதல் இரண்டு வாக்கியம் மட்டும் மாற வேண்டும். காலச் சொல் இல்லை, உண்மைதான். ஆனால் அழகப்பர் 1957இல் மறைந்தவர். இன்றுவரை நீளும் கணக்கு இறந்தவர் பெயரில் ஓடாது. ‘ஹேஸ் ஃபவுண்டட்’ என்றால் இன்னும் சில கல்லூரி தொடங்குவார் என்று கேட்கிறவர் எடுத்துக்கொள்வார். ஆகவே ‘ஃபவுண்டட்’, ‘கேவ்’.

மூன்றாவது சரி, நிறுவனம் இருக்கிறது. நான்காவதைப் பார்த்து அவரைப் பற்றியதுதானே என்று அதையும் ‘சேஞ்ட்’ ஆக்கிவிடாதீர்கள். அங்கே எழுவாய் அவர் இல்லை, அவர் கொடுத்தது. கொடுத்தவர் போய்விட்டார், கொடை கல்லூரிச் சாலையில் கண்முன் நிற்கிறது. அந்த ஹேஸ் இருக்கட்டும்.